வடசென்னைத் தொழில் வட்டாரம்: வளர்ந்த தொழில்களும் மாறிய வேலைகளும்

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குச் செல்லும் காலை நேர மின்சார ரயிலில் ஒரு நாள் பயணம் செய்து பார்ப்பவர்களுக்கு இக்கட்டுரையின் பொருள் பாதி விளங்கிவிடும். கவரைப்பேட்டை, பொன்னேரி, அனுப்பம்பட்டு, மீஞ்சூர் என்று ஒவ்வொரு நிலையத்திலும் சோற்றுத் தூக்கும் தண்ணீர்ப் புட்டியுமாக ஆண்களும் பெண்களும் ஏறுகின்றனர். அத்திப்பட்டிலும் எண்ணூரிலும் ஒரு பகுதியினர் இறங்கி மின்சார நிலையங்களுக்கும் துறைமுகத்துக்கும் செல்கின்றனர். எஞ்சியவர்கள் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று பிரிந்து போகின்றனர். எதிர்த்திசையில் வரும் வண்டியிலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. நகரத்தில் குடியிருந்துகொண்டு கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள் அதில் இருக்கின்றனர்.

கிராம முன்னேற்றத்தைப் பற்றிப் பேசும் ஏட்டில் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். இன்று சென்னை மாநகராட்சியின் பகுதிகளாக இருக்கும் திருவொற்றியூரும் எண்ணூரை அடுத்த கத்திவாக்கமும் 2011ஆம் ஆண்டில்தான் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. அதற்கு முன் அவை தனித்தனி நகராட்சிகள். அதற்கும் முன் உப்பளமும் மீனவர் குப்பமும் தோப்பும் துரவுமாக இருந்த ஊர்கள். பட்டினத்தார் சமாதியும் தியாகராஜர் கோயிலுமே திருவொற்றியூருக்குப் பெருமையாக இருந்த காலம் ஒன்று உண்டு. அவ்வூர்களில் தொழில்கள் வந்த விதத்தையும், வந்த பின் மக்களின் வேலைகள் மாறிய விதத்தையும் அறிந்துகொள்வது, தம் ஊர் எல்லையில் தொழிற்பேட்டை வரப்போகிறது என்ற செய்தியை எதிர்நோக்கியிருக்கும் எந்தப் பஞ்சாயத்துக்கும் பயன் தரும்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வெகு தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்குகளையும் பிரயாணிகளையும் அலைகளைத் தாண்டிக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு மசூலாப் படகுக்காரர்களுடையதாக இருந்தது. ஆணி அடித்த படகு இக்கரையின் அலையில் மோதினால் பலகை பிளந்துவிடும் என்பதனால், தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்து இப்படகுகளைக் கட்டினர். அலை மோதும்போது அவை வளைந்து கொடுக்கும். அந்த வேலையின் நுட்பம் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த கைப்பழக்கம். பட்டணத்தின் வாணிபம் முழுவதும் அவர்கள் துடுப்பில் தங்கியிருந்தது எனினும் மிகையன்று.

1860களின் தொடக்கத்தில் இரும்புத் தூண்களின்மீது ஒரு பாலம் கடலுக்குள் நீட்டப்பட்டது. 1875ஆம் ஆண்டில் கற்கரைகள் அமைத்துத் துறைமுகம் கட்டும் வேலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881ஆம் ஆண்டுப் புயலில் கட்டிய கரைகள் சிதைந்தன, மீண்டும் கட்டினார்கள். 1904 முதல் துறைமுகப் பொறுப்பை ஏற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளர், கிழக்கே இருந்த வாயிலை மூடி வடகிழக்கில் புதிய வாயிலை அமைத்த பிறகே கப்பல்கள் அமைதியான நீரில் நின்று சரக்கு இறக்க வழி பிறந்தது. துறைமுகம் நிலைபெற நிலைபெற, மசூலாப் படகோட்டியின் தொழில் மங்கியது. கப்பல் கரையோடு ஒட்டி நிற்கும்போது படகுக்கு என்ன வேலை? இவ்வட்டாரத்தில் ஒரு புதிய தொழில் பழைய வேலையை விழுங்கிய முதல் நிகழ்ச்சி இது என்று சொல்லலாம். படகுக்குப் பதிலாகக் கூலிச் சுமை, பாரந்தூக்கி இயந்திரம், கணக்குப்பிள்ளை, கிட்டங்கிக் காவல் என்று வேறு பல வேலைகள் பிறந்தன என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். ஆனால் அவ்வேலைகள் அதே குப்பத்தார் கையிலேயே வந்து சேர வேண்டும் என்ற விதி ஏதும் இல்லை.

துறைமுகம் இன்னொன்றையும் செய்தது. நம் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. வாய்க்காலின் குறுக்கே கட்டை போட்டால் மேற்புறம் வண்டல் சேர்ந்து கீழ்ப்புறம் அரிக்கும் என்பதை உழவர் யாவரும் அறிவர். கடலிலும் அவ்வாறே நேர்ந்தது. துறைமுகக் கற்கரைக்குத் தெற்கே மணல் குவிந்து, மெரினா இன்று நாம் காணும் அகன்ற கடற்கரையாயிற்று. வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் நிலத்தை அரித்தது. வீடுகளும் வலை உலர்த்தும் இடங்களும் தெருக்களும் போயின. கல் கொட்டியும் கற்சுவர் நீட்டியும் இன்றளவும் அக்கரையைக் காக்க வேண்டியிருக்கிறது. மெரினாவில் காற்று வாங்குகிறவர், அந்த மணலுக்கு விலை கொடுத்தவர் வடக்கே இருக்கிறார் என்பதை நினைப்பதில்லை. ஒரு பெரிய கட்டுமானத்தின் நன்மை ஓரிடத்திலும் நட்டம் வேறிடத்திலும் விழக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

தொழிற்சாலைகள் ஏன் வடக்கே வந்தன? ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் ஓடியது. அந்த நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே எண்ணூர் வரை கோக்ரேன் கால்வாய் வெட்டப்பட்டிருந்தது. 1876-78 பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாக நகரத்துக்குள்ளும் நீட்டப்பட்டுப் பக்கிங்காம் கால்வாய் என்ற பெயர் பெற்ற நீர்வழி அதுவே. விறகும் உப்பும் கிளிஞ்சலும் அதன் வழியே படகில் வந்தன. ஆக, கடல் வழி, கால்வாய் வழி, இரும்புப் பாதை ஆகிய மூன்றும் கூடிய இடம் அது. சமதளமான மலிவான நிலமும் வடக்கே இருந்தது. மூலப்பொருள் வந்திறங்கும் இடத்துக்கு அருகிலேயே ஆலை வைப்பது இயல்பு அல்லவா?

இப்பகுதியில் பிறந்த தொழில்களுள் நம் கிராமத்து இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டியது ஒரு பலூன் கொட்டகையின் வரலாறு. 1946ஆம் ஆண்டில் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் கே. எம். மாமன் மாப்பிள்ளை என்பவர் குழந்தைகள் விளையாடும் ரப்பர் பலூன்கள் செய்யத் தொடங்கினார். பலூன் விற்று யாரும் பெரிய முதலாளி ஆவதில்லை. ஆனால் ரப்பர் பாலைப் பதப்படுத்துவது, அச்சில் தோய்ப்பது, சூட்டில் இறுகச் செய்வது ஆகிய கைவேலைகள் அக்கொட்டகையில் பழகின. 1952இல் அவர் டயர் மேற்பூச்சு ரப்பர் செய்யும் தொழிலில் இறங்கினார். லாரி, பஸ் ஆகியவற்றின் டயர் தேய்ந்தபின் அதைத் தூக்கி எறியாமல், புதிய ரப்பர்ப் பட்டையை அதன்மேல் ஒட்டி மீண்டும் ஓட்டுவர். சாலைப் போக்குவரத்து வளர்ந்துகொண்டிருந்த அந்நாளில் இச்சரக்குக்குத் தேவை பெருகியது. பிறகு 1961ஆம் ஆண்டில் மான்ஸ்பீல்டு என்ற அமெரிக்கக் கம்பெனியின் தொழில்நுட்ப உதவியுடன் டயரே செய்யத் தொடங்கினர். எம்.ஆர்.எப். என்று இன்று உலகறிந்த பெயரின் விரிவு மெட்ராஸ் ரப்பர் பாக்டரி என்பதே. பலூனிலிருந்து மேற்பூச்சு, மேற்பூச்சிலிருந்து டயர் என்று ஒவ்வொரு படியிலும் தெரிந்த வேலையை ஒட்டிய அடுத்த வேலையையே அவர் கைக்கொண்டார். சிறுதொழில் தொடங்க விரும்பி நம்மிடம் யோசனை கேட்கும் இளைஞர்கள் பலர், தமக்கு அறவே பழக்கமில்லாத தொழிலைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

அக்காலத்தே மற்றவையும் வந்தன. ஸ்வீடன் நாட்டுத் தீப்பெட்டிக் கம்பெனியின் தொடர்புடன் அதற்கு முன்பே ஏற்பட்டிருந்த விம்கோ ஆலை, தொழில் நின்றுபோன பின்னும் ஒரு ரயில் நிலையத்துக்கும் 2021 பிப்ரவரியில் அங்கு வந்த மெட்ரோ ரயில் நிலையத்துக்கும் தன் பெயரை விட்டுச் சென்றிருக்கிறது. 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களின் பாகங்களைப் பூட்டி விற்றது. 1955இல் இங்கிலாந்தின் லேலண்டு கம்பெனி பங்குகொள்ளவே அது அசோக் லேலண்டு ஆயிற்று. அதே 1955இல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் திருவொற்றியூருக்கு வந்தது. முதலில் பாகங்களை இங்கிலாந்திலிருந்து தருவித்துப் பூட்டினார்கள். பின்னர் பாகங்களையும் இங்கேயே செய்தார்கள்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் உள்ளூர்த் தொழில் வளர்ச்சியின் சூட்சுமம் இருக்கிறது. பாகங்களை வெளியிலிருந்து வாங்கிப் பூட்டும் வரையில் ஓர் ஆலை அந்த ஆலையின் மதிலுக்குள் மட்டுமே வேலை தரும். பாகங்களை இங்கேயே செய்ய முற்பட்டவுடன், மதிலுக்கு வெளியே லேத்துப் பட்டறை, வார்ப்படச் சாலை, முலாம் பூசும் கூடம், ரப்பர் வளையம் செய்யும் கொட்டகை என்று வேலை பரவுகிறது. பட்டறைக்காரரிடம் எடுபிடியாகச் சேர்ந்த பையன் பத்தாண்டில் தானே ஒரு லேத்து வாங்கி வைக்கிறான். ஆலைக்கு வந்தவர்களுக்கு உணவு விடுதி வேண்டும். தங்க வீடு வேண்டும். சைக்கிள் பழுது பார்க்கக் கடை வேண்டும். உங்கள் ஊருக்கு ஓர் ஆலை வருகிறது என்றால், அது எத்தனை பேரை வேலைக்கு எடுக்கும் என்று கேட்பதோடு நில்லாமல், எந்தெந்தப் பொருளை வெளியிலிருந்து வாங்கும், அவற்றுள் எதை இங்கே செய்யலாம் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை.

ஆலைகளுக்கு வந்த தொழிலாளர்களுள் பெரும்பாலோர் சுற்று மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். மழை பெய்தால் வேலை, பெய்யாவிட்டால் பட்டினி என்று பழகியவர்களுக்கு மாதச் சம்பளம் என்பதே புதிய உலகம். அச்சம்பளம் தானாக நியாயமாகிவிடவில்லை. இவ்வட்டாரத்தை ஒட்டிய பெரம்பூரில், பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27ஆம் நாள் பி. பி. வாடியா அவர்களைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. நாட்டில் ஒழுங்குமுறையுடன் அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைக் கூறுவர், திரு. வி. கலியாணசுந்தரனார் அதில் ஆற்றிய பணியும் பலரும் அறிந்ததே. விடுதலைக்குப்பின் 1948இல் வந்த தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டமும் 1952இல் வந்த சேமநிதிச் சட்டமும் ஆலைத் தொழிலாளிக்கு நோயிலும் முதுமையிலும் ஒரு பிடிமானம் தந்தன. துறைமுகத்தில் அன்றாடம் வாயிலில் நின்று ஆள் பொறுக்கும் முறையை மாற்றி, பதிவு பெற்ற தொழிலாளர்களுக்கு முறைவைத்து வேலை கொடுக்க 1948இல் தனிச் சட்டம் வந்தது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இலும், உர ஆலை 1971இலும், எண்ணூர் அனல் மின்நிலையம் 1970இலும் இயங்கத் தொடங்கியபோது, அரசுத் துறை வேலை என்ற நிலையான சம்பளம் அத்துடன் வந்து சேர்ந்தது.

துறைமுக வேலையை அடியோடு மாற்றியது ஓர் இரும்புப் பெட்டி. 1983ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. 20 அடி நீளமுள்ள ஒரு பெட்டியில் 20 டன் சரக்கு இருப்பதாகக் கொள்வோம். 50 கிலோ மூட்டையாக அதைக் கணக்கிட்டால் 400 மூட்டைகள். முன்பு கப்பலின் அடித்தளத்தில் ஒரு குழு மூட்டைகளை வலையில் அடுக்க, விஞ்சுக்காரர் மேலே தூக்க, கரையில் இன்னொரு குழு பிரித்தெடுக்க, கணக்கர் எண்ணிக் குறிக்க, கிட்டங்கியில் மற்றொரு குழு அடுக்கிய அந்த 400 மூட்டைகளையும், இன்று பாரந்தூக்கி இயந்திரத்தை இயக்கும் ஒருவர் சில நிமிடங்களில் ஒரே தூக்காகத் தூக்கி டிரெய்லர் லாரியின்மீது வைத்துவிடுகிறார். மூட்டை தூக்கிய தோள்களுக்கு வேலை குறைந்தது. இயந்திரம் இயக்குபவர், டிரெய்லர் ஓட்டுநர், குளிர்பதனப் பெட்டியைப் பராமரிக்கும் கைவினைஞர், சுங்கத் தாள்கள் தயாரிக்கும் எழுத்தர், கணிப்பொறியில் பெட்டிகளின் இடத்தைக் குறிப்பவர் என்று புதிய வேலைகள் ஏற்பட்டன. பெட்டிகளைத் திறந்து சரக்கைப் பிரிக்கும் நிலையங்கள் துறைமுகத்துக்கு வெளியே, மணலி, மாதவரம், திருவொற்றியூர்ப் பக்கங்களில் பெருகின.

புதிய வேலைகள் எண்ணிக்கையில் குறைவு. கல்வியும் உரிமமும் கேட்பவை. தந்தை செய்த வேலை மகனுக்கு வரும் என்ற பழைய நம்பிக்கை அங்கே உடைந்தது. டிரெய்லர் ஓட்டுவது கனரக வாகன உரிமம் உள்ள கிராமத்து இளைஞர்களுக்கு ஒரு வாயிலாக அமைந்தது உண்மை. ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் காத்துக் கிடந்து, வண்டியிலேயே சமைத்து உண்டு உறங்கிய ஓட்டுநரின் பிழைப்பை மேன்மையானது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

எண்ணூருக்கு வடக்கே 2001ஆம் ஆண்டில் மற்றொரு பெருந்துறைமுகம் திறக்கப்பட்டது. மின்நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதே அதன் முதல் நோக்கம். 2014 முதல் அது காமராசர் துறைமுகம் என்று வழங்குகிறது. 2011ஆம் ஆண்டில் உயர் நீதிமன்ற ஆணையின்படி சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாளுவது நின்றது. ராயபுரத்து வீடுகளில் கரித்தூள் படிவது குறைந்தது. அச்சரக்கை நம்பியிருந்த லாரிக்காரர்களும் கூலிகளும் எண்ணூர்ப் பக்கம் நோக்க வேண்டியதாயிற்று. தூசி போனால் வேலையும் போகிறது, வேலை வந்தால் தூசியும் வருகிறது என்ற இந்த இக்கட்டை இவ்வட்டார மக்கள் பன்முறை கண்டிருக்கின்றனர்.

இதற்கிடையே பழைய ஆலைகளின் நிலை மாறியது. பெரம்பூர் ஆலை 1996இல் மூடப்பட்டது. அசோக் லேலண்டு 1980இலேயே ஓசூரில் ஆலை வைத்துவிட்டது. என்பீல்டு தன் புதிய ஆலைகளை 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் நிறுவியது. 450 மெகாவாட் திறனுள்ள எண்ணூர் அனல் மின்நிலையம் 2017 மார்ச் மாத இறுதியில் நிறுத்தப்பட்டது. அகன்ற நிலமும் அகன்ற சாலையும் தேடித் தொழில்கள் தென்மேற்கே சென்றன, 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது, மற்றவை தொடர்ந்தன. செய்பொருள் அங்கே, கப்பலேற்றும் வாயில் இங்கே என்றாயிற்று. காஞ்சிபுரம் பக்கத்து ஆலைகளில் செய்த கார்கள் ராயபுரத்தை அடுத்தும் எண்ணூரிலும் கப்பலேறுகின்றன. ஒரு காலத்தில் பொருள் செய்த வட்டாரம் இன்று பெரிதும் பொருளைக் கடத்தி அனுப்பும் வட்டாரமாகி வருகிறது. பொருள் செய்யும் வேலைக்கும் கடத்தும் வேலைக்கும் வேறுபாடு உண்டு. முன்னதில் கைத்திறன் ஏற ஏறச் சம்பளம் ஏறும், நிரந்தரமும் வரும். பின்னதில் பெரும்பகுதி ஒப்பந்தக்காரர் வழியாக வரும் வேலை.

மீன்பிடி தொழிலை மறந்துவிடக்கூடாது. ராயபுரத்தை ஒட்டிய காசிமேட்டில் 1984இல் மீன்பிடித் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. விசைப்படகு ஒன்று கடலுக்குப் போய் வருகிறது என்றால் அதில் ஏறும் ஆட்கள் மட்டுமே அதனால் பிழைக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். பனிக்கட்டி ஆலை, டீசல் விற்பனை, வலை பின்னுவோர், படகு கட்டும் தச்சர், இயந்திரம் பழுது பார்ப்போர், ஏலம் கூறுவோர், கூடை சுமப்போர், கருவாடு உலர்த்தும் பெண்கள், தெருத் தெருவாக விற்கும் பெண்கள் என்று கரையில் நீளும் சங்கிலி பெரியது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு; அந்நாட்களில் இச்சங்கிலி முழுவதும் தளர்கிறது.

எண்ணூர்க் கழிமுகத்தில் நிலைமை வேறு. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் அந்த உப்பங்கழியில் இறால், நண்டு, மடவை பிடித்து வாழ்ந்த ஊர்கள் பல. அனல் நிலையச் சாம்பல் படிந்து கழி ஆழம் குறைந்ததாக அவர்கள் நெடுங்காலம் முறையிட்டு வந்துள்ளனர். 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழியில் பரவியது. படகும் வலையும் கறுத்தன. அதே மாதம் 26ஆம் நாள் இரவு ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடினார்கள். ஆலையில் வேலைக்கு அமர்ந்த ஒருவருக்கு மாதம் கிடைக்கும் சம்பளத்தை எழுதிவைக்கப் பதிவேடு இருக்கிறது. கழியில் கையால் இறால் தடவிப் பிடித்த ஒரு பெண்ணின் அன்றாட வருமானம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆகையால் அது போனபோது, போனது எவ்வளவு என்று நிறுவவும் அவளால் முடியவில்லை.

விவசாயிகளுக்கு நேர்ந்ததைச் சொல்ல மீஞ்சூருக்குச் செல்ல வேண்டும். ஆரணி ஆற்றுக்கும் கொசஸ்தலைக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தடியில் நல்ல ஊற்று இருந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து நகரத்துக்கும் ஆலைகளுக்கும் நீர் எடுத்தார்கள்; உழவர்களும் பம்புசெட்டு வைத்து எடுத்தார்கள். கடலோர நிலத்தில் நன்னீர், அதைவிடக் கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை உப்புநீர் விலகி நிற்கும் என்பது நிலத்தடி நீர் நூலாரின் கணக்கு. இதை மறித்துப் பாருங்கள். நன்னீரின் மட்டத்தை ஓரடி இறக்கினால், உப்புநீர் அடியிலிருந்து 40 அடி ஏறிவரப் பார்க்கும். அளவுக்கு மீறி இறைத்ததால் அவ்வாறே கடல்நீர் உள்நாட்டு நிலத்தடியில் புகுந்தது. மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகள் பல உவர்த்தன. உவர்ந்த கிணற்றால் நெல் விளையாது. அந்நிலத்தின் விலை குறையும்போது, அதை மனையாகவோ கிட்டங்கிக்காகவோ விற்றுவிட்டு ஆலை வாயிலுக்குப் போவதைத் தவிர அக்குடியானவருக்கு வேறு வழி தோன்றுவதில்லை. வேலை மாற்றம் எல்லாம் விரும்பிச் செய்த மாற்றம் அல்ல. 2010ஆம் ஆண்டில் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஏற்பட்டது நகரத்துக்குப் பெரிய உதவி. ஆனால் நிலத்தடியில் ஏறிய உப்பு இறங்குவதற்கு மழையும் தடுப்பணையும் நீண்ட காலமும் வேண்டும்.

இவற்றையெல்லாம் கூறுவது தொழில் வேண்டாம் என்பதற்காக அன்று. மாதச் சம்பளத்தால் பிள்ளைகளைப் படிக்க வைத்து, கூரையை மாற்றி ஓடும் தளமும் போட்ட குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் தெருத் தெருவாக உண்டு. எனினும், ஆலை வருவதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்ட ஊருக்கும், வந்த பின் மனு எழுதும் ஊருக்கும் கிடைப்பது ஒன்றாக இராது.

முதலில் ஊரின் நிலையை எழுத்தில் பிடித்து வைப்பது நல்லது. எத்தனை பேர் எந்தக் கழியில், ஏரியில், மேய்ச்சலில், உப்பளத்தில் பிழைக்கிறார்கள் என்பதை வீடுவாரியாகக் கணக்கெடுத்துக் கிராம சபையின் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்ய எந்தச் சட்டமும் தடை செய்யவில்லை. ஊரில் நான்கைந்து கிணறுகளைத் தேர்ந்து, கோடையிலும் மழைக்குப் பின்னும் நீரின் உப்பளவைப் பரிசோதித்துக் குறித்து வரலாம். இதற்குச் செலவு சொற்பம். ஐந்தாண்டுக் குறிப்பு கையில் இருந்தால், நீர் கெட்டது என்று வாய்ச்சொல்லாகச் சொல்ல வேண்டிய நிலை இராது.

வேலை பெறுவதில் 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தன் ஆட்களில் 100க்கு 2½ முதல் 15 வரை பழகுநர்களைச் சேர்த்து உதவித்தொகையுடன் பயிற்சி தர வேண்டும் என்பது இன்றுள்ள விதி. உங்கள் எல்லையில் உள்ள ஆலைகளில் எத்தனை பழகுநர்கள் இருக்கிறார்கள், அவர்களுள் சுற்று ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பஞ்சாயத்து எழுதிக் கேட்கலாம். ஆலை நிர்வாகத்தைக் காவலாளி வேலைக்கும் தோட்ட வேலைக்கும் மன்றாடுவதைவிட இது பயனுள்ளது. காவலாளிக்கு இருபதாண்டு கழிந்தும் அதே வேலை. பழகுநர், ஆலை மூடினாலும் தன் தொழிலை எடுத்துக்கொண்டு வேறிடம் போவார். ஆலைக் கட்டடங்களின் வீட்டு வரியும், அங்கே சம்பளம் பெறுவோரின் அரையாண்டுத் தொழில் வரியும் ஒழுங்காக வசூலாகின்றனவா என்பதையும் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும்.

கடைசியாக, பொது விசாரணை. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ்வரும் பெரிய திட்டங்களுக்கு, மாவட்ட ஆட்சியர் அல்லது அவருடைய பிரதிநிதியின் தலைமையில் திட்டம் அமையும் இடத்துக்கு அருகில் பொது மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நடத்த வேண்டும். முன்பே அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலைகளுக்குத் தனிக் கூட்டம் வேண்டியதில்லை. ஆகையால் தொழிற்பேட்டைக்கே கூட்டம் நடக்கும்போது அசட்டையாக இருந்துவிட்டால் பிறகு வாய்ப்பு வராது. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் உள்ளாட்சி அலுவலகங்களிலும் பார்வைக்கு இருக்கும். அதன் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். அந்த 30 நாளுக்குள் கிராம சபையைக் கூட்டி, சுருக்கத்தை உரக்கப் படிக்கச் செய்து, நீர் எங்கிருந்து எடுப்பார்கள், கழிவை எங்கே விடுவார்கள், நிரந்தர வேலை எத்தனை, ஒப்பந்த வேலை எத்தனை என்ற கேள்விகளை எழுதிக் கொண்டுபோக வேண்டும். கூட்டத்தில் பேசியவற்றின் குறிப்பை முடிவில் தமிழில் படித்துக் காட்ட வேண்டும் என்பதும் விதி. அது படித்து முடியும் வரை எழுந்து போகாமல் இருந்து, தாம் கேட்ட கேள்வி அதில் விடுபட்டிருந்தால் அவ்விடத்திலேயே சுட்டிக்காட்டிச் சேர்க்கச் செய்யலாம்.